டாக்டர் படிப்பு: ஆண்டுக் கணக்கும் கூலிக் கணக்கும்

தனியார் ஆஸ்பத்திரியின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் ஏழையிடம் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "ஒரு டாக்டரை உருவாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கிறது. அத்தனை காலம் படித்தவர் பீஸ் வாங்கினால் அது அநியாயமா?" என்று கேட்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு இரவாகக் கண் மூடாத இளம் டாக்டரிடம் வேறொரு நியாயம் சொல்கிறார்கள். "நீ இன்னும் மாணவன். கற்றுக்கொள்ள வந்தவன். மணி பார்க்காதே, கூலி பேசாதே" என்கிறார்கள்.

இரண்டு பேச்சும் அதே ஆண்டுகளைப் பற்றியதுதான். நோயாளியிடம் பணம் கேட்கும்போது அந்த ஆண்டுகள் மூலதனம். டாக்டர் கூலி கேட்கும்போது அவை தர்மக் கல்வி. இது எந்த ஊர் நியாயம்? இந்தக் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். நோய் வந்தால் பெரியாஸ்பத்திரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆண்டு?

இந்த முறை வேரூன்றி வளர்ந்த நாடு அமெரிக்கா. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

அங்கே கல்லூரிப் படிப்பு 4 ஆண்டு. அதன் பிறகு மருத்துவக் கல்லூரி 4 ஆண்டு. இந்த எட்டு ஆண்டு முடிந்து பட்டம் வாங்கினாலும் தனியாக வைத்தியம் பார்க்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூத்த டாக்டர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கை பழக வேண்டும். இந்தப் பயிற்சிக் காலத்துக்குத்தான் ரெசிடென்ஸி என்று பெயர்.

குடும்ப வைத்தியம், பொது மருத்துவம், குழந்தை வைத்தியம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டு. அவசர சிகிச்சைக்கு 3 அல்லது 4 ஆண்டு. பிரசவமும் பெண்கள் நோயும், மனநோய், மயக்க மருந்து, தோல் வைத்தியம் ஆகியவற்றுக்கு 4 ஆண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் பிரிவுக்கு 5 ஆண்டு. பொது அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, காது மூக்கு தொண்டை ஆகியவற்றுக்கும் 5 ஆண்டு. பிளாஸ்டிக் சர்ஜரிக்கு 6 ஆண்டு. மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்கு 7 ஆண்டு.

இதய வைத்தியர் ஆக வேண்டுமானால் பொது மருத்துவத்தில் 3 ஆண்டு முடித்துவிட்டு, இதயத்துக்கென்று இன்னும் 3 ஆண்டு போக வேண்டும். அடைத்த இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கக் கற்க மேலும் ஓர் ஆண்டு. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைகிற பையன், மூளை அறுவை சிகிச்சை டாக்டராக வெளியே வரும்போது வயது முப்பத்து மூன்று.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? காரணம் உண்டு. அறுந்த இழையை ஓட்டத்தில் முடிகிற விரலின் லாவகம் புத்தகம் படித்து வருவதில்லை என்பது நூற்பாலைத் தொழிலாளிக்குத் தெரியும். சேற்றில் நாற்றின் ஆழம் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது என்பது நடவாளுக்குத் தெரியும். மனித உடம்பும் அப்படித்தான். அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை டாக்டர் என்று சான்று பெற, பயிற்சிக் காலத்தில் குறைந்தது 850 அறுவை சிகிச்சைகளைச் செய்திருக்க வேண்டும். அவற்றில் 200 கடைசி ஆண்டில் செய்தவையாக இருக்க வேண்டும். எண்ணூற்றைம்பது உடம்பு ஒரே வாரத்தில் வந்து நிற்காது. அபூர்வமான கோளாறு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அது வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஆண்டுகளைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அரைகுறை டாக்டர் முதலில் கை வைப்பது ஏழையின் உடம்பில்தான். பணக்காரன் எப்படியும் தேர்ந்த கையைத் தேடிப் போய்விடுவான்.

நம் சண்டை ஆண்டுகளோடு அல்ல. அந்த ஆண்டுகளுக்குள் என்ன நடக்கிறது, அதன் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

அறையும் சோறும் வெளுத்த துணியும்

1889இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே அறுவை சிகிச்சைத் தலைவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார். குடியிருப்பவர் என்ற பொருளில்தான் ரெசிடென்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரிடம் பயிற்சிக்கு முடிவுத் தேதி கிடையாது. அவர் போதும் என்று சொல்கிறவரை போதாது. பலர் நுழைவார்கள், ஒரு சிலரே உச்சிக்குப் போவார்கள்.

அறுவை சிகிச்சையை நிதானமும் சுத்தமுமான கலையாக மாற்றியதில் ஹால்ஸ்டெட்டுக்குப் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உறக்கமற்ற உழைப்பின் ஆசானாகக் கும்பிடப்படும் அந்த மனிதர், கோகேய்ன் ஆராய்ச்சியில் இறங்கி அதற்கே அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாகி வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துப் பயிற்சி டாக்டர்களுக்கு என்ன கூலி? தங்க ஓர் அறை, வேளைக்குச் சாப்பாடு, வெளுத்துத் தந்த துணி. பண்ணையாளுக்குக் கொல்லைக் குடிசையும் கூழும் வருஷத்துக்கு ஒரு வேட்டியும் கொடுத்த மிராசுதாருக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஒரே ஆளுக்கு மூன்று வேஷம்

இன்று அமெரிக்காவில் சம்பளம் இருக்கிறது. முதல் ஆண்டு ரெசிடென்ட்டுக்கு ஆண்டுக்கு 60,000 டாலருக்குச் சற்று மேல். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். விதி அனுமதிக்கும் உச்சம் வாரத்துக்கு 80 மணி. அந்த நாட்டுத் தொழிலாளிக்கு 40 மணிக்கு மேல் போனால் ஓவர்டைம் என்று 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உரிமை வந்தது. அப்படியானால் 80 மணி என்பது இரண்டு ஆள் வேலை. ஒரு சம்பளம், இரண்டு ஆள் வேலை. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

ஓவர்டைம் கேட்டால் என்ன பதில்? "நீ டாக்டர், தொழில் வல்லுநன், உனக்கு ஓவர்டைம் கிடையாது" என்கிறது சட்டம்.

சங்கம் அமைத்துப் பேரம் பேச உரிமை கேட்டால் என்ன பதில்? 1975 மார்ச்சில் நியூயார்க் நகரில் பயிற்சி டாக்டர்கள் வேலை நேரத்தை முன்வைத்து வேலை நிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டே, 1976இல், தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்புச் சொன்னது: இவர்கள் மாணவர்கள், தொழிலாளிகள் அல்ல! அந்தத் தீர்ப்பு மாறுவதற்கு 1999 வரை, இருபத்து மூன்று ஆண்டு ஆயிற்று.

சமூகப் பாதுகாப்பு வரி வசூலிக்க வந்தபோது என்ன ஆயிற்று? "நாங்கள் மாணவர்கள்தானே, எங்களுக்கும் விலக்கு உண்டே" என்று ஆஸ்பத்திரித் தரப்பு வழக்காடியது. 2011இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, முழு நேரம் வேலை செய்கிறவரை மாணவர் என்று கருத முடியாது என்ற சர்க்கார் விதியை ஏற்றுக்கொண்டது. வரி கட்டு என்றது.

பார்த்தீர்களா கூத்தை? ஓவர்டைம் கேட்டால் வல்லுநன். சங்கம் கேட்டால் மாணவன். வரி என்றால் தொழிலாளி. அப்ரண்டிஸ் என்று மஸ்டரில் எழுதிவிட்டு முழு ஷிப்டு வேலை வாங்கும் மில் நிர்வாகத்தைப் பார்த்த நமக்கு இந்த வித்தை புரியாதா?

வேலைக்குப் போகும் இடத்தையும் தனியாகப் பேரம் பேசி முடிக்க வழியில்லை. யார் எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதை 1952 முதல் நாடு முழுவதற்குமான ஒரே ஏற்பாடு பொருத்திக் கொடுக்கிறது. பொருத்திய இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இதனால் கூலி உயராமல் அமுக்கி வைக்கப்படுகிறது என்று 2002இல் டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடிவதற்குள், 2004இல், ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்தின் வாலில் ஒரு பிரிவைக் கட்டி, அந்த ஏற்பாட்டுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்புக் கொடுத்துவிட்டது அமெரிக்க காங்கிரஸ். வழக்கும் விழுந்தது. ஓய்வூதியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இந்தச் சம்பளத்தையாவது ஆஸ்பத்திரிகள் தம் பையிலிருந்து கொடுக்கின்றனவா? பெரும் பங்கு பொதுப் பணம். 1965இல் வந்த மெடிகேர் திட்டம் பயிற்சிச் செலவுக்காக ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுக்கிறது. 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இத்தனை இடத்துக்கு மேல் பணம் கிடையாது என்று அந்த நிதிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். ஜனத்தொகை வளர்ந்தது, முதியவர்கள் பெருகினார்கள், வரம்பு நின்ற இடத்திலேயே நின்றது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுச் சட்டத்தில்தான் புதிதாக 1,000 இடங்கள் சேர்த்தார்கள். ஆள் குறைவாக இருந்தால் இருக்கிற ஆளின் முதுகில்தானே பாரம் ஏறும்?

எண்பது மணியின் விலை

1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சில மணி நேரத்தில் இறந்தாள். இரவு முழுவதும் பல நோயாளிகளை ஒருசேரக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்களின் பொறுப்பில் அவள் இருந்தாள். தந்தை பத்திரிகையாளர். விடவில்லை. அந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் 80 மணி விதி வர 2003 ஆயிற்று.

2011இல் முதலாண்டு டாக்டர்கள் தொடர்ந்து 16 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் 2017இல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மீண்டும் 24 மணி, பொறுப்பு மாற்றிக் கொடுக்க மேலும் 4 மணி என்று ஆக்கிவிட்டார்கள்.

இந்த விதியை எழுதிய பயிற்சி அங்கீகார அமைப்பின் தலைமை அலுவலகம் எந்த நகரில் இருக்கிறது தெரியுமா? சிக்காகோவில்! எட்டு மணி நேர வேலைக்காக 1886இல் தொழிலாளிகள் இரத்தம் சிந்திய அதே சிக்காகோவில் உட்கார்ந்துகொண்டு இருபத்தெட்டு மணி நேர வேலைக்கு விதி எழுதுகிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

ஒன்று: "கஷ்டப்பட்டால்தான் டாக்டர் உருவாவார்." அடியாத மாடு படியாது என்ற மிராசுதார் தத்துவம்தான் இது. உறங்காத மூளை எதைக் கற்கும்? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய நீண்ட முறைப்படி வேலை செய்த இளம் டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள் என்று தெரிந்தது. நீண்ட ஷிப்டு முடிந்து கார் ஓட்டிப் போகும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று மறு ஆண்டு இன்னோர் ஆய்வு காட்டியது. தூக்கக் கலக்கத்தில் ஓடும் இயந்திரத்தின் அருகே நிற்பது என்றால் என்ன என்று விரலை இழந்த தொழிலாளியைக் கேளுங்கள்.

இரண்டு: "டாக்டர் மாறினால் நோயாளியின் விவரம் கை மாறும்போது தவறிப்போகிறது." இதில் உண்மை இருக்கிறது. ஷிப்டு நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மரண விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகளையும் அவர்கள் காட்டுகிறார்கள். ஆனால் கை மாறுவதில் கோளாறு என்றால், கை மாற்றும் முறையைத் திருத்த வேண்டுமா, ஆளை உறங்கவிடாமல் நிறுத்திவைக்க வேண்டுமா? மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் எந்தச் சட்டத்தில் எத்தனை இழை அறுந்தது, எந்த இயந்திரம் தகராறு செய்கிறது என்று அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் தொழிலாளி வெளியே வருகிறான். ஒன்பது ஆஸ்பத்திரிகளில் விவரம் ஒப்படைக்கும் முறையை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவிகிதம் குறைந்தன என்று 2014இல் முடிவு வெளியாயிற்று. மனம் இருந்தால் வழி உண்டு.

மூன்று: "மணியைக் குறைத்தால் ஆண்டைக் கூட்ட வேண்டியிருக்கும்." சரி, கூட்டுங்கள்! பிரிட்டனில் 2009இல் வாரச் சராசரி 48 மணி விதி பயிற்சி டாக்டர்களுக்கும் முழுமையாக வந்தது. அங்கே பட்டத்துக்குப் பிறகு 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி. அதற்கு மேல் குடும்ப வைத்தியத்துக்கு 3 ஆண்டு, அறுவை சிகிச்சைக்கு சுமார் 8 ஆண்டு. மணி குறைவு, ஆண்டு அதிகம். அறுவை சிகிச்சைக்கு அங்கே ஆள் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் கூட்டிய ஆண்டுகளுக்குக் கட்டுபடியாகும் கூலி வேண்டும். அது கிடைக்காமல்தான் 2023 முதல் அவர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள்.

ஆக, மணியும் ஆண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு. உடம்பு கேட்பது பழக்கத்தை. தூக்கத்தைப் பறிக்கச் சொல்லி எந்த உடம்பும் கேட்கவில்லை. அதைக் கேட்பது ஆள் போடாமல் மிச்சம் பிடிக்கும் நிர்வாகம்.

நம் நாட்டில்

இங்கே கணக்கு வேறு. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதோடு ஓர் ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. பிறகு எம்.டி., எம்.எஸ். மேற்படிப்பு, எந்தப் பிரிவானாலும் 3 ஆண்டு. இதயம், மூளை, சிறுநீரகம் போன்ற தனிப் பிரிவுகளுக்கு இன்னும் 3 ஆண்டு. மொத்தம் பதினொன்றரை ஆண்டு. இடையில் நுழைவுத் தேர்வுக்காகக் காத்திருக்கும் காலம் தனி.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இரவு வார்டைத் தாங்கி நிற்பது இந்த மேற்படிப்பு டாக்டர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலியின் பெயர் என்ன தெரியுமா? உதவித்தொகை! உழைத்தவனுக்குக் கொடுப்பது உதவியா? அந்தத் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தனியார் கல்லூரிகளிலோ லட்சக் கணக்கில் பீஸும் கட்டிவிட்டு, அந்த நிர்வாகத்தின் ஆஸ்பத்திரிக்கே இரவும் பகலும் உழைக்க வேண்டும். வேலை செய்ய முதலாளிக்குப் பணம் கொடுக்கும் விந்தை வேறு எந்தத் தொழிலில் உண்டு?

விதி இல்லையா? இருக்கிறது. மத்திய சர்க்காரின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்ஸி திட்டம், தொடர் வேலை சாதாரணமாக 12 மணியைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சொல்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிய அதே 48 மணி. காகிதத்தில் 48, வார்டில் அதன் இரு மடங்கு வரை.

2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், நெடிய வேலைக்கு நடுவே ஓய்வெடுக்கக் கருத்தரங்குக் கூடத்தில் படுத்த ஒரு மேற்படிப்பு டாக்டர், ஒரு பெண், பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். நாடு முழுவதும் இளம் டாக்டர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். 36 மணி நேர வேலை மனிதத் தன்மை அற்றது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டில், மாணவர் நலத்துக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு என்ன சிபாரிசு செய்தது? வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்றது! 1992இல் 48, முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு 74. இதற்குப் பெயர் நலமாம்!

இது யாருடைய பிரச்னை?

"டாக்டர்கள் நாளை சம்பாதிக்கப் போகிறவர்கள்தானே, நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நமக்குத்தான், தோழர்களே.

முதலாவது, அந்தத் தூங்காத கையின் கீழே படுத்திருப்பது நம் உடம்பு. பணக்காரன் போகிற இடத்தில் ஊசி போட ஓர் ஆள், கையைப் பிடிக்க ஓர் ஆள். பெரியாஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே ஓர் இளம் டாக்டர்.

இரண்டாவது, விவசாயத் தொழிலாளியின் மகள் நன்றாகப் படித்து இடமும் வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது வரை குடும்பத்துக்கு முழுச் சம்பளம் கொண்டுவராமல் அவளால் இருக்க முடியுமா? அப்பன் நிலத்தில் குனிந்துகொண்டே இருக்க முடியுமா? ஆண்டுகளின் செலவைச் சமூகம் ஏற்காவிட்டால், நீண்ட படிப்பு என்பது ஏழைக்கு மூடிய கதவு. உள்ளே போகிறவர்கள் காத்திருக்கச் சொத்து உள்ளவர்கள். இல்லாவிட்டால் கடன்காரர்கள். அமெரிக்காவில் கடன் வாங்கிப் படித்து வருகிறவர் தலையில் சுமார் இரண்டு லட்சம் டாலர் கடன் நிற்கிறது. கடன் தலையில் ஏறியவர் மூன்று ஆண்டில் முடியும் குடும்ப வைத்தியத்தை விரும்புவாரா, பணம் கொட்டும் பிரிவைத் தேடுவாரா? அதன் வருமானம் குறைவு என்பது ஊரறிந்த விஷயம். கிராமத்துக்கு டாக்டர் வராததன் வேர் இங்கேயும் இருக்கிறது.

தனியார் ஆஸ்பத்திரியின் பில்லுக்கும் பதில் இதுதான். அந்த டாக்டரைப் பழக்கியது யாருடைய உடம்பு? பொது ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைகளின் உடம்பு. யாருடைய வரிப் பணம்? ஊராரின் வரிப் பணம். கற்றுக் கொடுத்தவர்களுக்கே கல்விச் செலவின் பில்லை நீட்டுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவை: 48 மணி விதியை ஏட்டிலிருந்து இறக்கி வார்டில் அமுல்படுத்து. அதற்குத் தேவையான டாக்டர், நர்ஸ் இடங்களை நிரப்பு. உதவித்தொகை என்ற பெயரை எடுத்துவிட்டு, குடும்பம் பிழைக்கும் சம்பளம் கொடு. மேற்படிப்புப் பீஸ் கொள்ளையை நிறுத்து. ஓய்வறையும் பாதுகாப்பும் கொடு.

இளம் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை மாணவன் என்பவர்கள் உங்களிடம் வாங்குவது வேலை. வேலை செய்கிறவனுக்குப் பெயர் தொழிலாளி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு மணி நேரத்தை வென்றவர்கள் அந்தப் பெயரோடுதான் வென்றார்கள்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உறவினர் உயிருக்குப் போராடும்போது கோபம் வரும், கை ஓங்கும். எதிரே நிற்பவர் முப்பது மணி நேரமாக நிற்கிறவர் என்பதை அந்த நேரத்தில் எண்ணிப் பாருங்கள். இன்னும் நான்கு டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை மட்டும் நிறுத்தியது யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை டாக்டரிடம் அல்ல, அவரோடு சேர்ந்து நின்று நிர்வாகத்திடமும் சர்க்காரிடமும் கேளுங்கள்.